சோட்டீஸ் பீங்கானும் எமது முன்னேற்றமும்

சென்ற மாதம் எமது அயலூர் ஒன்றில் நடந்த இலக்கியச் சந்திப்பில், கிழக்கிலங்கை முஸ்லிம்களின் உணவுப் பண்பாடு பற்றி நண்பரொருவர் உரையாற்றினார். பிரதான வீதியோரம் புதிது புதிதாக முளைத்திருக்கும் ரெஸ்டூரன்டுகளை வரிசையாகச் சொல்லி, "எமது சமூகம் எழுந்து நிற்பதன் அடையாளம் இவை" என்று முடித்தார். சபை கைதட்டியது. கூட்டம் கலைந்ததும் ஏற்பாட்டாளர்கள் பிளேன்டீயும் ஆளுக்கொரு ரோல்ஸும் தந்தார்கள். அந்த ரோல்ஸைக் கடித்தபடி நண்பரிடம் எனது மறுப்பைச் சொல்ல வாயெடுத்தேன். "இப்ப வேணாம் மாஸ்டர், எழுதுங்க" என்றார். எழுதுகிறேன்.

முதலில் நான் சாப்பிட்டதைச் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தை வாசிக்காமலே விமர்சனம் எழுதும் பழக்கம் எம்மிடையே உண்டு. சாப்பாட்டு விடயத்திலாவது அது வேண்டாம்.

எமது பாடசாலையின் பிரதி அதிபர் இடமாற்றம் பெற்றுச் செல்கையில் பிரியாவிடை விருந்தொன்று ஏற்பாடாயிற்று. இளைய ஆசிரியர்கள் அந்தப் புதிய கடையைத்தான் கேட்டார்கள். ஊரின் பெயரையும் கடையின் பெயரையும் இங்கு எழுதப் போவதில்லை. அந்த முதலாளியோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. கைதட்டியவர்களோடுதான் வழக்கு.

கறுப்புச் சுவர். கயிற்றில் தொங்கும் மஞ்சள் பல்புகள். மூலையில் படம் எடுத்துக்கொள்வதற்கென்றே ஓர் ஊஞ்சல். மெனு அட்டை முழுவதும் ஆங்கிலம். இடைக்கிடை ஆங்கில எழுத்தில் அரபுப் பெயர்கள். தமிழில் ஓர் எழுத்துத்தானும் இல்லை. நாங்கள் பதினொரு பேர். எல்லோரும் ஆங்கில ஆசிரியையின் முகத்தைப் பார்த்தோம். அவருக்கும் பாதிதான் விளங்கிற்று. "இது இங்கிலீசும் இல்ல சேர்" என்றார், மெதுவாக.

உணவு வந்தது. எல்லாம் உள்ளங்கை அகலப் பீங்கான்கள். அவித்த கடலையை அரைத்து எண்ணெய் ஊற்றிய ஹும்முஸ் ஒரு பீங்கான். கோழிச் சிறகு நாலு. வாவி இறால் என்று ஆறு இறாலும் எலுமிச்சைத் துண்டொன்றும். சின்ன இரும்புச் சட்டியொன்றில் கொத்து ரொட்டி. எங்கள் சந்திக் கடையில் கொத்தும்போது கல்லுக்கு வெளியே தெறித்து விழுமே, அந்த அளவு. ரொட்டியொன்றை நாலாக வெட்டி நடுவில் ஒரு கரண்டி தேங்காய்ச் சம்பல், அதற்கொரு மரப்பலகை. எல்லோரும் எல்லாவற்றையும் பகிர்ந்து ருசிப்பதற்காகவே இந்தச் சின்னப் பீங்கான் ஏற்பாடு என்று விளக்கம் கிடைத்தது.

நாலு சிறகு, பதினொரு பேர். கணித ஆசிரியரைத் தவிர வேறெவரும் இந்தக் கணக்கில் சந்தோசப்படவில்லை. ஒருவரையொருவர் பார்த்து "எடுங்க, எடுங்க" என்றோம். கடைசி இறால் ஒருவராலும் தொடப்படாமல், சகல மரியாதையோடும் குசினிக்குத் திரும்பிப் போனது. ருசியைக் குறை சொல்ல மாட்டேன். இறால் நல்ல பதம்; வாவி இறாலை அளவுக்கு மிஞ்சி வேகவைத்துக் கெடுக்கும் எங்கள் வீட்டுப் பழக்கத்தை அந்தக் குசினிக்காரர் விட்டிருந்தார். சேவைக் கட்டணமும் சேர்த்து எனது பங்கு 2,800 ரூபாய். பாடசாலைக் காவலாளியையும் அழைத்திருந்தோம். அவர் வேலை இருக்கிறது என்று சொல்லி வரவில்லை. என்ன வேலை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் மூன்று பேர் ரொட்டிக் கடையில் இறங்கிப் பராட்டா வாங்கினார்கள். அந்த மூவரில் நானும் ஒருவன்.

எங்களுக்குப் பரிமாறிய பையன் கறுப்பு ஏப்ரன் கட்டியிருந்தான். பில் கொண்டு வந்தபோது குனிந்து, "சேர், என்ன மறந்திட்டீங்களா?" என்றான். எட்டாம் ஒன்பதாம் தரங்களில் என்னிடம் தமிழ் படித்தவன். அவனுடைய கதைக்குப் பிறகு வருகிறேன். இந்தக் கட்டுரையில் எனக்கு உண்மையிலே வலிக்கும் இடம் அவன்தான்.

சின்னப் பீங்கானில் பலதும் வைத்துத் தின்பது எங்களுக்குப் புதிய விடயமா? சாமத்துப் பஸ்ஸில் கொழும்புக்குப் போய் வந்தவர் எவருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் ஷோர்ட் ஈட்ஸ், எங்கள் வாயில் சோட்டீஸ். செங்கலடிச் சந்திக்கும் ஏறாவூருக்கும் இடையில் நான் சின்ன வயதிலிருந்து போய்வரும் தேத்தண்ணிக் கடையொன்று இருக்கிறது. பெயர்ப் பலகையில் எழுத்து மழையில் கரைந்து பல வருடம். இருந்தவுடன் பையன் எதையும் கேட்காமல் ஒரு பீங்கானைக் கொண்டு வந்து வைப்பான். ரோல்ஸ் நாலு, கட்லட் மூன்று, பெட்டிஸ், சம்சா, முக்கோண ரொட்டி, மீன் பணிஸ், ஓரத்தில் இரண்டு வாய்ப்பன். விரும்பியதை எடுத்துத் தின்னலாம். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். எழும்பி லாச்சியடிக்குப் போனால் காக்கா கேட்பது ஒரே சொல்: "எத்தின?" நாம் சொல்வதுதான் கணக்கு. பையன் வந்து பீங்கானைப் பார்த்து எண்ணுவதில்லை. எண்ணினாலும் பிரயோசனமில்லை, அது ஏற்கெனவே வேறு மேசையில் இருக்கும்.

பெயர்களைப் பாருங்கள். கட்லட்டும் பெட்டிஸும் வெள்ளைக்காரன் விட்டுப் போனவை. சம்சா பாரசீகத்து ஸம்பூஸாவின் பேரப்பிள்ளை. ரோல்ஸுக்குப் பல கடைகளில் இன்னும் சைனீஸ் ரோல்ஸ் என்றே பெயர். மா திருகோணமலை சீனன்குடாவிலிருந்து வருவது. 1980 இல் அங்கே பிரிமா ஆலை ஓடத் தொடங்கியது. உள்ளே வைப்பது மட்டும் எங்களுடையது, சூரை மீனும் கிழங்கும் மிளகும். இப்படி எங்கெங்கிருந்தோ வந்ததையெல்லாம் ஒரே பீங்கானில் போட்டு, முன்பின் தெரியாத மனிசன் முன்னால் கணக்கில்லாமல் வைத்துவிட்டு, அவன் வாய்ச்சொல்லை நம்பிக் காசு வாங்கிய கடை அது. இதை நாகரிகம் என்று சொல்ல எங்கள் இலக்கியக்காரர் எவருக்கும் வாய் வரவில்லை. கறுப்புச் சுவரும் மஞ்சள் பல்பும் கண்டவுடன் வந்துவிட்டது.

நம்பிக்கை வாங்குகிறவனுக்கு மாத்திரம் உரியதல்ல. அந்தக் கடைக்கு யார் யார் வருவார்கள்? படுவான்கரையிலிருந்து தயிர்ச் சட்டி கொண்டு வருபவர்கள், வாவியில் வலை வீசிவிட்டு வரும் தமிழ் மீனவர்கள், பதுளை வீதியால் மரக்கறி ஏற்றி வரும் சிங்கள லொறிச் சாரதிகள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள். எங்கள் கடைகளில் மாட்டிறைச்சி ரோல்ஸும் போடுவார்கள், மீன் ரோல்ஸும் போடுவார்கள். பொரித்தெடுத்தால் இரண்டும் ஒரே நிறம், ஒரே நீளம். அந்தக் காக்கா மாட்டு ரோல்ஸை வேறு பீங்கானில்தான் வைப்பார். ஒரு தமிழ் மனிசர் வந்து இருந்தால் அவர் கேட்கு முன்னரே, "அண்ணன், இதெல்லாம் மீன். தைரியமாச் சாப்பிடுங்க" என்பார். அந்த மனிசர் பிட்டுப் பார்க்காமல் வாயில் வைப்பார். நான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன், எத்தனையோ நாள். ஒரு ஹிந்து ஒரு முஸ்லிமின் சொல்லை நம்பித் தன் வாய்க்குள் எதைப் போடுவது என்று தீர்மானிக்கிறான். சமாதான மாநாடுகளில் பேசப்படும் பெரிய விடயங்களெல்லாம் இதற்குக் கீழேதான் வரும் என்பேன்.

இதை இலேசான விடயம் என்று நினைப்பவர்கள் இந்த மண்ணின் 1990 ஐ மறந்தவர்கள். அந்த ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் எங்களவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது வரும். அந்தக் கடை பூட்டிக் கிடந்தது நினைவிருக்கிறது. திறந்த பிறகும் கன காலம் எங்களவர்கள் மட்டுமே இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். தமிழர்கள் எப்போது மீண்டும் வந்து இருந்தார்கள் என்று திகதி சொல்ல முடியாது. யாரும் மாநாடு கூட்டவில்லை, யாரும் அறிக்கை விடவில்லை. ஒரு நாள் பார்த்தால் அந்தத் தயிர்க்காரர் பழைய மேசையில் இருந்து வாய்ப்பன் தின்றுகொண்டிருந்தார். இது எப்படி நடந்தது என்று எங்கள் கதைகளில் ஒரு வரி இருக்கிறதா? படுகொலையை எழுதினோம், எழுதத்தான் வேண்டும். அதன் பிறகு ஒரே மேசையில் மீண்டும் இருந்ததை எழுதவில்லை. உம்மாவின் புட்டையும் வட்டிலப்பத்தையும் எழுதி எழுதி ஓய்ந்தோம். தேத்தண்ணிக் கடை எங்கள் எழுத்தில், அரசியல் பேசும் இரண்டு பேர் இருப்பதற்கு வேண்டிய வாங்காகவே மிஞ்சியது.

இப்போது அந்தப் பையனின் கதை.

வாப்பா இல்லாத பிள்ளை. பாடசாலையை இடையில் விட்டு, சொந்தக்காரர் ஒருவரோடு சிங்களப் பகுதிக் கடையொன்றுக்கு ரொட்டி போடப் போனான். எங்கள் ஊர்களிலிருந்து இப்படிப் போகும் பையன்கள் அனேகம். பொலன்னறுவை, மஹியங்கனை, அம்பாறை, கண்டிப் பக்கம் எங்கே இரவு பத்து மணிக்குக் கொத்துச் சத்தம் கேட்டாலும் கல்லடியில் நிற்பவன் பெரும்பாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளையாகவே இருப்பான். கொத்து ரொட்டி பிறந்தது மட்டக்களப்பிலா திருகோணமலையிலா என்று இரு பகுதியாரும் உரிமை பேசுவார்கள். எங்கே பிறந்திருந்தாலும் அதை நாடெங்கும் கொண்டுபோனவர்களில் இந்தப் பிள்ளைகள் முன்னால் நிற்பவர்கள்.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் என்ன நடந்தது என்பது எல்லோரும் அறிந்தது. கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, மலடாக்கும் மாத்திரை என்றார்கள். லாச்சியடியில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல், சூழ்ந்து நின்றவர்களுக்குப் பயந்து, ஆம் என்று தலையாட்டினார். அதைப் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டார்கள். அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அடுத்த வாரம் திகனையும் தெல்தெனியாவும் எரிந்தன. மார்ச் 6 ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. பிறகு அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை வெளிவந்தது: அந்தக் கட்டி மாவுச்சத்து, மருந்து எதுவும் இல்லை. சோற்றில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரையென்று ஒன்று இல்லவே இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். பேஸ்புக் நிறுவனம் தனது பங்குக்கு வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில். குழம்பில் கரையாத மா. அவ்வளவே.

இனவாதிகளைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாகிவிட்டது. அவர்கள் மீதான குற்றத்தில் ஒரு குன்றிமணியும் நான் குறைக்கவில்லை. ஆனால் வேறொரு விடயத்தை யாரும் எழுதவில்லை. அந்த லாச்சியடியில் இருந்தது ஒரு மனிதரின் சிங்களம் மட்டுமல்ல. அது எங்கள் பாடசாலைகளின் சிங்களம். இரண்டாம் மொழி என்று நேர அட்டவணையில் ஒரு பாடம் இருக்கிறது. எங்கள் வாவிக்கரைப் பாடசாலையில் வருடக்கணக்கில் அதற்கு ஆசிரியர் இருந்ததில்லை. அந்த நேரத்தில் நான் போய் இலக்கணம் படிப்பித்தேன். புணர்ச்சி விதி கற்றுக் கொடுத்த பிள்ளைக்கு, "இது மா, வேண்டுமென்றால் நானே தின்று காட்டுகிறேன்" என்று சிங்களத்தில் சொல்லக் கற்றுக் கொடுக்க என்னால் முடியவில்லை. எனக்கே தெரியாது. அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் இருந்தேன். உளவியல் படித்தேன், கற்பித்தல் முறை படித்தேன். பஸ் நிலையத்தில் தேத்தண்ணி கேட்கும் அளவுக்குச் சிங்களம் படிக்காமலே வெளியே வந்தேன். குற்றம் கலாசாலையுடையதல்ல, என்னுடையது.

எனது மாணவன் வேலை செய்தது அந்தக் கடையில் அல்ல, வேறொரு நகரத்தில். ஆனால் மார்ச் முதல் வாரத்தில் முதலாளி ஷட்டரை இழுத்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு அனுப்பினார். வழியில் யாராவது எதையாவது கேட்டால் ஊமை போல இருக்கச் சொல்லி பஸ் ஏற்றினாராம். அவன் சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னான். "ஊமையா இருக்கது லேசு சேர், பாதி தெரிஞ்ச மாதிரி இருந்தாத்தான் கரச்சல்."

அதன் பின்னர் 2019 ஏப்ரல் 21. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகள் மடிந்தார்கள். குண்டு வைத்த கூட்டத்தின் தலைவன் எங்கள் ஊர்களில் ஒன்றிலிருந்து போனவன். இந்த வசனத்தை எழுதாமல் மேலே போக எனக்கு உரிமையில்லை. அதைத் தொடர்ந்து முஸ்லிம் கடைகளைப் பகிஷ்கரியுங்கள் என்றார்கள். எங்கள் சந்திக் கடையில் மேசைகள் வெறுமையாயின. காக்கா சோட்டீஸ் போடும் அளவைப் பாதியாகக் குறைத்தார். அந்தத் தயிர்க்காரர் மட்டும் சில நாட்கள் வந்து, உள்ளே வராமல் வெளியே நின்று, "காக்கா, ஒரு பார்சல்" என்று கேட்டு வாங்கிப் போனார். உள்ளே வந்து இருக்கவும் முடியவில்லை, வராமல் விடவும் முடியவில்லை. இரண்டும் அந்த மனிசரின் முகத்தில் இருந்தது.

இந்தக் கட்டத்தில் எமது சமூகம் செய்தது என்ன? எங்கள் ஊர்களுக்குள்ளேயே, எங்களுக்காகவே, எங்கள் காசில், கறுப்புச் சுவர்க் கடைகளைத் திறந்தோம். வெளியே அவமானப்பட்டவன் தன் வீட்டைப் பெருப்பித்துக் கட்டுவது மனித இயல்பு. அதை விளங்கிக்கொள்கிறேன். முன்னேற்றம் என்று மேடையில் சொல்லிக் கைதட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தக் கடைக் கண்ணாடியில் ஹலால் என்று ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊருக்குள், எங்கள் கடையில், எங்களுக்கு! 2013 இல் ஹலால் எதிர்ப்புக் கூச்சல் உச்சத்தில் இருந்தபோது, உள்ளூர்ச் சந்தைப் பொருட்களிலிருந்து அந்த இலச்சினையை விலக்கிக்கொள்ள உலமா சபை இணங்க நேர்ந்தது. அந்த வலி எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் அந்த ஒட்டுத்தாள் எங்களோடு மட்டும் பேசுகிறது. "அண்ணன், இதெல்லாம் மீன்" என்ற சொல் மற்றவனோடு பேசியது. ஒட்டுத்தாள் அச்சகத்தில் கிடைக்கும். மற்றதற்கு ஆள் வேண்டும், அவனுக்குப் பாஷையும் வேண்டும்.

அந்த மெனு அட்டையில் தமிழ் இல்லாததற்கு நான் மொழிப்பற்றினால் மட்டும் கோபப்படவில்லை. அன்றிரவு என் பழைய மாணவன் ஆங்கிலப் பெயர்களை மனப்பாடமாக ஒப்புவித்தான். "இதுக்குள்ள என்னடா கிடக்கு?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. "செல்லித் தந்தத்தச் செல்றன் சேர்" என்றான். முந்திய கடையில் அவனுக்கு உணவு தெரியும், மொழி தெரியாது. இப்போது மொழி போல ஒன்று இருக்கிறது, உணவு தெரியாது. ஒரு தமிழ்க் குடும்பம் வந்து இதில் மாடு இருக்கிறதா என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? ஆனால் வந்தால்தானே கேட்பதற்கு.

அரபு நாட்டு முறை என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. அரபு நாடுகளில் வேலை செய்து வந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! அவர்களைக் கேட்டுப் பாருங்கள். லெபனானிலும் சிரியாவிலும் மெஸ்ஸே என்று சின்னப் பீங்கான்களை மேசை நிறையப் பரப்புவார்கள்; பல கைகள் ஒரே நேரத்தில் வந்து விழுவதற்காக. மந்திச் சோற்றை ஒரே தாம்பாளத்தில் வைத்துச் சுற்றியிருந்து தின்பார்கள். நாங்கள் பீங்கானை இறக்குமதி செய்தோம், கைகளை விட்டுவிட்டோம். எங்கள் கந்தூரிகளிலும் கலியாண வீடுகளிலும் ஆறு பேர் சுற்றியிருந்த சஹனை ஹோல்களின் பஃபேக்குக் கொடுத்துவிட்டு, அதையே அரபுப் பெயரில் காசு கொடுத்துத் தேடுகிறோம். ஒன்பதாம் நூற்றாண்டு பஸராக்காரரான அல்-ஜாஹிழ் உலோபிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். விருந்தாளியின் வாயைக் கண்ணால் எண்ணும் மனிதர்கள் அதில் வருவார்கள். நாலு சிறகைப் பதினொரு பேருக்கு முன்னால் வைத்தால் நாங்கள் எல்லோருமே அந்த நூலுக்குள் போய்விடுகிறோம். இதில் மார்க்கத்தை நான் துணைக்கு அழைக்கவில்லை. சேர்ந்து உண்பதிலும் தனித்து உண்பதிலும் குற்றமில்லை என்பது சூரத்துந் நூரில் தெளிவாக உள்ளது. சஹன்தான் சுன்னத் என்று சண்டைக்கு வருபவர்கள் என்னோடு சேர வேண்டாம்.

இனி எனக்கு வரும் மறுப்புகள்.

சுத்தம். ஒரே பீங்கான் மேசைக்கு மேசை போவது, பலர் கை பட்டதை அடுத்தவன் தின்பது அருவருப்பு என்கிறார்கள். சரிதான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பல வருடமாகச் சொன்னதும் அதுவே. 2020 இல் கொரோனா வந்தபோது அந்தப் பழக்கம் அனேகமாக முடிந்துபோயிற்று. எங்கள் காக்காவும் கண்ணாடி அலுமாரி வைத்தார், இடுக்கி வாங்கினார். இப்போது பையன் மேசைக்கு வந்து, எத்தனை பேர் என்று பார்த்து, இடுக்கியால் எடுத்துப் புதுப் பீங்கானில் வைக்கிறான். மிச்சம் அடுத்த மேசைக்குப் போவதில்லை. லாச்சியடியில் "எத்தின?" மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே சுத்தத்துக்காக வாக்கை விட வேண்டியதில்லை.

தொழில். பத்துப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. என் மாணவன் இன்று தன் உம்மாவுக்கு அருகில் இருக்கிறான். இரவு வீட்டில் படுக்கிறான். இதற்கு எதிராக எழுத என்னிடம் எதுவும் இல்லை.

மூன்றாவது மறுப்பு என் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. இந்தக் கட்டுரையின் முற்பகுதியை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "ஒங்கட தேத்தண்ணிக் கடையில எனக்கு எந்தக் கதிர?" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். கல்யாணமாகி பதினாறு வருடம். அந்தக் கடையின் ரோல்ஸை அவர் நூற்றுக்கணக்கில் தின்றிருப்பார்; எல்லாம் பேப்பரில் சுற்றி நான் கொண்டு வந்தவை, ஆறிப் போனவை. பொரித்தெடுத்த சூட்டில் அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. அந்த மேசையில் தமிழர் இருந்தார், சிங்களவர் இருந்தார், முஸ்லிம் இருந்தார் என்று இவ்வளவு நேரம் எழுதினேனே, எல்லோரும் ஆண்கள். கறுப்புச் சுவர்க் கடைக்கு எங்கள் பெண்கள் ஏன் ஆசைப்படுகிறார்கள் என்று நான் ஒருபோதும் யோசித்ததில்லை. அங்கே அவர்களுக்கு ஒரு கதிரை இருக்கிறது. குடும்ப அறை என்று திரை போட்ட இடமானாலும் கதிரை கதிரைதான். "அந்த நாலு சிறகு எனக்குக் காணும்" என்றும் சொன்னார், எழும்பிப் போகும்போது.

இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனாலும் என் வழக்கை வாபஸ் வாங்கவும் மாட்டேன். பழைய கடையில் கதிரை இல்லையென்றால் கேட்க வேண்டியது கதிரையை. நாங்கள் கதிரை கேட்கவில்லை. வேறு கடை கட்டினோம், அதற்குள் திரையும் போட்டோம். அந்தத் திரைக்குப் பின்னால் என் மனைவி பக்கத்து ஊர்த் தமிழ்ப் பெண் ஒருத்தியைச் சந்திக்கப் போவதில்லை. சந்தைக்கு வரும் அந்தப் பெண்ணுக்கும் எங்கள் சந்திக் கடையில் கதிரை இருந்ததில்லை. இதை எழுதும்போதுதான் அதையும் நினைக்கிறேன்.

மறு சனிக்கிழமை மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். பின்னேரம் நாலு மணி. ஓட்டோவை விட்டு நாங்கள் மூவரும் இறங்கியதைக் கண்டு காக்கா லாச்சியடியில் எழும்பி நின்றார். "பார்சலா மாஸ்டர்?" என்றார். இல்லை, இருந்து சாப்பிட வந்தோம் என்றேன். ஒரு கணம் அவருக்கு என்ன செய்வதென்று விளங்கவில்லை. பிறகு பையனைக் கூப்பிடாமல் தானே சீலையை எடுத்து முன் மேசையைத் துடைத்தார். பக்கத்து மேசையில் இருந்த இருவர் பேச்சைக் குறைத்தார்கள். வலைக்காரர் ஒருவர் தன் சைக்கிள் பம்பைக் கதிரையிலிருந்து எடுத்துக் கீழே வைத்து, அந்தக் கதிரையை மகள் பக்கம் தள்ளிவிட்டார். அவர் எங்களைப் பார்க்கவில்லை, வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பீங்கான் வந்தது. சூடு. மனைவி ரோல்ஸைப் பிட்டபோது ஆவி பறந்தது. "இது இப்பிடியா?" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. மகள் முக்கோண ரொட்டியில் தொடங்கி ரோல்ஸுக்குப் போனாள். பால் தேத்தண்ணி இரண்டு, அவளுக்கு நெக்டோ. எழும்பி லாச்சியடிக்குப் போனேன்.

"எத்தின மாஸ்டர்?"

"ஏழு" என்றேன்.

பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. "எட்டு. புள்ள ஒண்டக் கையில வெச்சிரிக்காள்."

காக்கா எட்டுக்குக் கணக்குப் போட்டார்.